மலைப்பக்கம் உருண்ட பந்து

1

ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தினேஷ் அனுப்பியிருந்தான். எதிரணி அடித்த ஒன்பது என்றுதான் நான் நினைத்தேன், எங்கள் குழுவின் வழக்கம் அப்படி. "யாருக்கு ஒன்பது?" என்று திருப்பிக் கேட்டேன். "நமக்குத்தான் மாமா" என்று பதில் வந்தது. பாண் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன்.

ஜெர்மனியின் மேற்குப் பக்கத்தில், பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சிறு நகரத்தில், பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. ஊர் எது என்று இங்குள்ள இலங்கைத் தமிழர்கள் கேட்டால் பதுளை என்பேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு "நீங்கள் இந்தியாவோ?" என்று இன்னும் கேட்கிறார்கள். பதுளையில் பஸ் ஏறி, பசறை தாண்டி, மடுல்சீமைப் பக்கம் போய், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம் என்று விளக்கம் சொல்வதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தோட்டத்தில் நாலாம் நம்பர் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வரிசையில், என் தங்கை விஜயா இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மகன்தான் தினேஷ். இருபத்திரண்டு வயது, பதுளையில் ஒரு புடைவைக் கடையில் வேலை, சனி ஞாயிறில் எங்கள் தோட்டத்து டிவிஷன் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைவன். ஒரு காலத்தில் அந்தக் குழுவில் நானும் இருந்தேன். நான் ஆடிய ஏழு வருடங்களில் நாங்கள் வென்ற ஆட்டங்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும். ஒரு தடவை எதிரணி பஸ் பழுதாகி வராததால் ஜெயித்தோம். அன்றைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம்.

ஆகவே ஒன்பது என்பது எனக்குச் சாதாரண எண்ணில்லை. அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த குழு, போன வருடக் கிண்ணம் அவர்களுடையது. அவர்களை எங்கள் மைதானத்தில் ஒன்பது அடித்து அனுப்பியிருக்கிறார்கள் பையன்கள். இறுதியாட்டமும் அதே மைதானத்தில்தான். யாரோ தேயிலை மேட்டில் நின்று போனில் பிடித்த வீடியோவையும் தினேஷ் அனுப்பியிருந்தான். இடைவேளையில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் நான் தனியாகச் சிரிப்பதைக் கண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

2

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகள் மதுவைப் பிடித்து உட்காரவைத்தேன். அவளுக்குப் பதினாறு வயது. இங்கே பெண்கள் குழுவில் கோல் காப்பவள். ஊர்க் கதை என்றால் அவளுக்கு எழுந்து போக ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும். தமிழ் பேசுவாள், தன் இஷ்டத்துக்கு. பக்கத்து வீட்டு நாயை "நீங்க வாங்க" என்பாள், அத்தையிடம் போனில் "நீ சாப்பிட்டியா" என்பாள். விஜயா அதற்குக் கோபிக்க மாட்டாள், சிரிப்பாள். எனக்குத்தான் முகம் சிவக்கும்.

உதைபந்து என்றதால் அன்றைக்கு உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு கோலுக்கும் முன்பே "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாலாவது கோல் முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் ஓர் இடம் வரும். எதிரணியின் கோல் காப்பாளன் பந்தை அடிக்கக் கீழே வைப்பான், இரண்டடி பின்னால் போவான், பந்து தானாக உருண்டு அவன் காலடிக்கே வரும். திரும்ப வைப்பான், திரும்ப வரும். கடைசியில் குதிகாலால் மண்ணைக் குடைந்து பள்ளம் பண்ணி அதில் வைப்பான். நான் இந்த இடத்தை அதுவரை பத்துத் தடவையாவது பார்த்துச் சிரித்திருப்பேன்.

மது போனை என் கையிலிருந்து வாங்கி வீடியோவைப் பின்னால் தள்ளினாள்.

"அப்பா, இந்த கிரவுண்ட் சரிவா?"

"ஆமா, ஆத்துப்பக்கம் சரிவு. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"இது ஆத்துப்பக்க கோலா?"

இல்லை. அது மலைப்பக்கக் கோல். பின்னால் தேயிலை மலை ஏறிப்போவது வீடியோவிலேயே தெரிகிறது. நான் "இது மலைப்பக்கம்" என்று சொன்னேன்.

"அப்ப பந்து ஏன் மலைக்குப் போகுது?" என்று கேட்டாள்.

நான் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். எங்கள் பையன்கள் முன்னால் தட்டிவிடும் பந்தெல்லாம் நிற்காமல் மலைப்பக்கம் ஓடுகிறது. தடுப்பவர்கள் அது நிற்கும் என்று நம்பி நின்று, ஏமாந்து, திரும்பி ஓடுகிறார்கள். அப்புத்தளைப் பையன்கள் ஆற்றுப்பக்கம் பார்த்து நீளமாக அடிக்கும் பந்து பாதியில் சோர்ந்து திரும்பி வருகிறது. முதல் பாதியில் மட்டும் ஏழு கோல், ஏழும் மலைப்பக்கக் கோலில். இதே வீடியோவை இரண்டு நாளாகப் பார்த்தவன் நான். வெற்றியைப் பார்த்தேன், பந்தைப் பார்க்கவில்லை.

3

அந்த மைதானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். தேயிலை கிழடாகிப்போன ஒரு துண்டு நிலத்தைப் பல வருடங்களுக்கு முன் வெட்டிச் சமப்படுத்திக் கொடுத்தார்கள். சமம் என்பது பேச்சுக்குத்தான். ஒரு பக்கம் மலை. அதன் அடியில் ஒரு கோல். மறுபக்கக் கோலுக்குப் பின்னால் மேடு இறங்கும், இறங்கிய இடத்தில் நாலாம் நம்பர் லயம், லயத்துக்குக் கீழே ஆறு. பந்தை எங்கே வைத்தாலும் ஆற்றுப்பக்கம் உருளும். அடித்த பந்து மேட்டில் இறங்கி லயத்துக் கூரையில் விழும், பெண்கள் திட்டுவார்கள், அது ஒரு வழக்கம். பூவா தலையாவில் வென்றவன் இரண்டாம் பாதிக்கு ஆற்றுப்பக்கம் அடிக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்வான், களைத்த காலுக்குச் சரிவு உதவும் என்று. மலைப்பக்கக் கோலில் நான் வாழ்நாளில் போட்டது இரண்டு.

அந்த நிலம் இப்போது மலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்றால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையடியில் நிலம் உள்ளே இறங்கினால்தான் அப்படிச் சாயும். அங்கே இறங்குகிற மண் இன்னோரிடத்தில் வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளக்கூடிய இடத்தில் இருப்பது லயம்.

மறுபடி வீடியோவைப் பார்த்தேன், இந்த முறை ஆட்களை விட்டுவிட்டு ஓரங்களை. மலைப்பக்கக் கோலுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி மலைப்பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றின் அடியில் நீளமாக ஒரு பட்டை, புல் இல்லாத புதுமண். யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள்.

  எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு தோட்டமான மீரியபெத்தையில் மண் சரிந்த மறுநாள் நான் பதுளையிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் ஏற்றிய லொறியில் அங்கே போனேன். லயம் எங்கே என்று கேட்டேன். ஒரு ஆள் கையை நீட்டிக் காட்டினார், அங்கே சிவப்பு மண் தவிர ஒன்றுமில்லை. லயம் எங்கே என்று இன்னொரு தடவை கேட்டேன், விளங்காதவன் மாதிரி. அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், போகச் சொல்லியிருந்தார்கள் என்று சனம் பேசிக்கொண்டது. எங்கே போவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை என்றும் பேசிக்கொண்டது. அடுத்த வருடமே நான் வெளிநாடு வர வழி தேடியதற்கு அந்தக் காலையும் ஒரு காரணம். தங்கையை விட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

4

தினேஷுக்குப் போன் எடுத்தேன். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து அவன் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினான். நான் குறுக்கிட்டு, பந்து எத்தனை நாளாக மலைப்பக்கம் உருளுகிறது என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "அத நீங்களும் கண்டுபுடிச்சிட்டீங்களா மாமா? யார்கிட்டயும் சொல்லிராதீங்க. பைனலும் நம்ம கிரவுண்டுலதான்."

அவன் சொன்ன கதை இது. போன மழைக்குப் பிறகு பந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போக்கை மாற்றியிருக்கிறது. முதலில் பையன்களுக்கு எரிச்சல். பிறகு பழகிக்கொண்டார்கள். பிறகுதான் மூளை வேலை செய்திருக்கிறது. வெளியூர்க் குழுக்கள் எல்லாம் எங்கள் மைதானம் ஆற்றுப்பக்கம் சரிவு என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அது மாறிப்போனது தெரியாது. இரண்டு மாதம் ரகசியமாக மலைப்பக்கம் அடித்துப் பழகினார்கள். பூவா தலையாவில் அப்புத்தளைக் குழு வென்று, எடுத்த எடுப்பிலேயே முன்னிலை எடுக்க நினைத்துக் கெட்டிக்காரத்தனமாக ஆற்றுப்பக்கம் அடிக்கும் பாதியை முதலில் கேட்டபோது எங்கள் பையன்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். ஆட்டம் முடிந்ததும் மாடசாமி கோயிலில் சேவல் அறுத்துப் பூசை. சாமிதான் கிரவுண்டின் சரிவைத் திருப்பிவிட்டது என்று பெரியவர்களும் சொன்னார்களாம்.

கோலுக்குப் பின்னால் புதுமண் என்ன என்று கேட்டேன்.

"அங்க ஒரு வெடிப்பு இருந்துச்சு மாமா. கை உள்ள போகும். பசங்கெல்லாம் சேந்து கல்லும் மண்ணும் கொண்டாந்து கொட்டி மூடிட்டோம். கமிட்டிக்காரங்க பாத்தா மேட்ச பதுளைக்கு மாத்திருவாங்கல்ல."

எவ்வளவு மண் கொட்டினீர்கள் என்றேன். முதல் தடவை பத்துக் கூடை, பிறகு உள்ளே இறங்கிவிட்டது, இன்னும் பத்துக் கூடை, அதுவும் இறங்கியது என்று அவன் பெருமையாகச் சொன்னான், வேலை செய்த கணக்கைச் சொல்கிற மாதிரி. நான் மீரியபெத்தையைச் சொன்னேன். அவன் குரல் மாறியது. அவனும் மலையில் பிறந்தவன்தான், மண் சரிவு என்றால் என்னவென்று தெரியாதவனில்லை. ஆனால் வெடிப்பைப் பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டது கமிட்டி, மலை படவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி, நானும் இரண்டு நாள் அதைப் பார்த்துக் கைதட்டியவன்தானே.

"பைனல் முடியட்டும் மாமா. மூணு வாரம்தான். அதுக்கப்புறம் நானே போய் சொல்றேன்" என்றான். மூன்று வாரம் என்பது மழைக்காலம் தொடங்கும் நேரம். நான் சரி என்று சொல்லவில்லை.

5

இங்கே எங்கள் தெருவில் ஒரு மரம் சாய்ந்திருக்கிறது என்று நகரசபைக்கு எழுதினால் மூன்றாம் நாள் ஒருவர் வந்து மரத்தையும் என்னையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கதோஷத்தில் நான் ஊரில் மண்சரிவு பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு இணையத்தில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பினேன். ஆபத்தில் உள்ள வீட்டின் இலக்கம் கேட்டது. நாலாம் நம்பர் லயம், ஏழாவது காம்பரா என்று எழுதினேன், ஏற்கவில்லை. வீதியின் பெயர் கேட்டது. வீதியே இல்லை. காணி உறுதி இலக்கம் கேட்டது. எங்கள் ஆட்கள் நான்கு தலைமுறையாக இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு உறுதி என்று ஒரு தாள் எப்போதும் இருந்ததில்லை.

ஊரில் போன் பண்ணிக் கேட்டேன். கிராம சேவகர் அது தோட்டத்துக் காணி, தோட்டத்தில் சொல்லுங்கள் என்றார். தோட்டத்து அலுவலகத்தில் எடுத்தவர் மண் விஷயம் அரசாங்கம் பார்ப்பது, அங்கே சொல்லுங்கள் என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் ஜெர்மன் மொழியில் தடுமாறிய அலுவலகங்களில்கூட இவ்வளவு களைத்துப்போனதில்லை, ஏனென்றால் அங்கே புரியாதது மொழி மட்டும்.

கடைசியில் படிவத்தில் முகவரி என்ற இடத்தில் தோட்டத்து அலுவலகத்தின் முகவரியைப் போட்டேன். போட்டதும் ஏற்றுக்கொண்டது. அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். லயத்து ஆட்களுக்கு வரும் கடிதம் எல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் போகும், பிரித்துப் படித்தபின்தான் கையில் வரும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எனக்கு வந்த வேலைக் கடிதத்தை எனக்கு முன்பே கிளாக்கர் படித்து வாழ்த்துச் சொன்னார். பத்து வருடம் வீட்டு வாசலில் சொந்தத் தபால்பெட்டி வைத்திருந்ததில் அதை மறந்துபோனேன்.

பதில் கடிதம் தோட்டத்துக்குப் போனது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் விஜயாவைக் கேட்டிருக்கிறார்கள், உன் அண்ணன் வெளிநாட்டில் இருந்துகொண்டு பெட்டிசம் போடுகிறாராமே என்று. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பயமுறுத்தக்கூடாது என்று நினைத்தேன். அவள் ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறாள். பக்கத்தில் நின்றவள் கிரவுண்ட் பற்றியாம் என்று சொல்ல, பந்து விளையாடுகிற இடத்துக்கு எதற்கு பெட்டிசம் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

6

ஆனாலும் ஒரு அதிகாரி வந்தார். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இளைஞர், தமிழ் நன்றாகப் பேசினாராம். மைதானத்தில் நடந்து, மலையில் ஏறி, புதுமண்ணைக் கிளறச் சொன்னார். பையன்கள் கொட்டிய கல்லும் மண்ணும் இடுப்பளவு ஆழத்தில் கிடந்தது. யார் மூடியது என்று அவர் கேட்டார். தினேஷ் தான்தான் என்று முன்னால் வந்து சொன்னான் என்று விஜயா பிறகு சொன்னாள். அந்த இடத்தில் எனக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மைதானத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். லயத்துச் சுவர்களில் ஒரு வட்டம் போட்டார்கள், சிவப்பு வர்ணத்தில். பத்துக் குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். மழை பெய்தால் பாடசாலைக்குப் போக வேண்டும், மாற்றுக் காணி கிடைக்கும்வரை. காணி எங்கே என்று கேட்டதற்கு அது என் வேலை இல்லை என்று அந்த அதிகாரி சொன்னார், அது உண்மையும்தான்.

இறுதியாட்டம் பதுளையில், நல்ல சமமான மைதானத்தில் நடந்தது. எங்கள் குழு நாலுக்கு ஒன்று என்று தோற்றது. "தட்டையான தரையில நாங்க யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு மாமா. சந்தோசமா?" என்று தினேஷ் எழுதினான். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. மது எனக்குப் பரிந்து அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள், அவளுடைய தமிழில். அதற்கும் பதில் இல்லை. "நான் பார்க்காம இருந்திருக்கலாம்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அப்படிச் சொல்லாதே என்றேன், ஆனால் அதே எண்ணம் எனக்கும் வராமல் இல்லை.

மழை தொடங்கியது. முதல் தடவை பத்து வீட்டுச் சனமும் பாயும் பானையுமாகப் பாடசாலைக்குப் போனார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். மலை அப்படியே நின்றது. இரண்டாம் தடவை எட்டு வீடு போனது. மலை நின்றது. மூன்றாம் தடவை ஐந்து வீடு. பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கவேண்டும் என்று பாடசாலை அதிபர் முகம் சுளித்தார், அவர் சொல்வதும் நியாயம்தான். எப்போது விழும் என்று என்னைக் கேட்டுச்சொல்லும்படி அடுத்த காம்பராக்காரி விஜயாவிடம் நக்கலாகச் சொன்னாளாம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்றாம் தடவை செய்தி வந்தபோது, ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டதும், எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் எட்டிப்பார்த்தது. மலை விழாததற்கு ஏமாற்றம். நான் சொன்னது சரிதான் என்று நிரூபணம் வேண்டுமென்று என்னுள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கண்டு நான் மலையைவிட அதிகம் பயந்தேன்.

7

நான்காம் தடவை மழை பிடித்த அன்று, வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மதியம் இரண்டரை, ஊரில் பொழுது இறங்கியிருக்கும். போனில் தினேஷின் பெயர். இரண்டு மாதத்துக்குப் பிறகு. உடனே எடுத்தேன்.

"மாமா, அம்மா வரமாட்டேங்குது. நீங்க பேசுங்க" என்றான். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை, வேறெதற்கும் நேரமில்லாத குரல்.

விஜயா போனை வாங்கினாள். பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம், அவள் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. காலையிலிருந்து நனைந்துகொண்டு கொழுந்து எடுத்தேன், கால் கடுக்கிறது, பாடசாலைச் சீமெந்துத் தரையில் படுத்தால் எனக்கு நாளைக்கு எழும்ப முடியாது என்றாள். நான் தாளைச் சொன்னேன், சிவப்பு வட்டத்தைச் சொன்னேன், வெடிப்பைச் சொன்னேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

"அண்ணே, நீங்க சொல்றதுக்கு முன்னாடியும் நான் இங்கதான் படுத்தேன். இப்பவும் இங்கதான். அப்ப தூக்கமாவது இருந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள் நான் என் வீட்டுல தூங்குறேன், விடுங்க."

என்னிடம் உண்மை தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு நான் சொன்னதை யோசித்துச் சொல்லவில்லை.

"விஜயா, இப்பத்தான் அந்த ஆபிசர் எனக்கு போன் பண்ணினாரு. மேல மண்ணு நகருதாம். இன்னைக்கே வரும்னு சொல்றாரு."



"அவரா சொன்னாரு?"

"அவருதான்."

அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது மட்டுமில்லை. அடையாள அட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு லயம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள், ஆபிசரே சொல்லிவிட்டார் என்று. முந்தைய முறை வராத வீடுகளும் வந்தன. படுக்கையில் இருந்த ஒரு அம்மாவைப் பையன்கள் சாக்குக் கட்டித் தூக்கிப்போனார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். தினேஷ் பாடசாலை வாசலில் நின்று ஆட்களை எண்ணினான். பத்து வீடும் வந்தாயிற்று என்று எழுதினான். நான் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

மலை விழவில்லை.

மறுநாள் மழை விட்டபின் அந்த அதிகாரி வெடிப்பை அளக்க வந்தார். விஜயா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், நல்ல நேரத்தில் என் அண்ணனுக்குச் சொன்னீர்கள் என்று. அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். நான் யாருக்கும் போன் பண்ணவில்லையே அம்மா என்றிருக்கிறார். வெடிப்பு இரண்டு விரல் அகலம் கூடியிருக்கிறது என்றும் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை, எல்லாரும் விஜயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. மது எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டாள். குளிர் எப்படி என்று கேட்டாள். பிறகுதான் சொன்னாள்.

"கோவம் இல்லண்ணே. எங்களக் காப்பாத்தத்தான் சொன்னீங்க, அது தெரியுது. ஆனா அடுத்த தடவ நீங்க நெசமாவே சொன்னா, அது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"



இதை ஒரு செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன். பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தில் வியாழக்கிழமையிலிருந்து கனமழை என்று போனில் காட்டுகிறது. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.